ரிமோட் இல்லாமல் புது வைஃபை: ஒரு செய்முறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நாம் எழுதும் முறை அனைவரும் அறிந்ததே. முதலில் நோக்கம், பின்னர் தேவையான கருவிகள், தத்துவம், செய்முறை, முடிவு, இறுதியாக முன்னெச்சரிக்கை. வீட்டில் நான் செய்ய நேர்ந்த ஒரு சோதனையையும் அதே முறையில் எழுதுகிறேன். இதற்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் மூன்றாண்டுகளில் நான் செய்த சோதனைகளில் இதுதான் என்னை மிகவும் தவிக்கவைத்தது.

நோக்கம்

அப்பிச்சி காலமான பிறகு, அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த அம்முச்சியைக் கோவைக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். வந்த சில மாதங்களில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் இருக்க வேண்டியதாயிற்று. தோட்டத்திலிருந்து அவர் கொண்டு வந்த பொருள்களுள் ஒன்று, அப்பிச்சி வாங்கிய பழைய டி.வி. அதன் பின்புறம் ஒரு ஃபயர் டி.வி. ஸ்டிக் செருகியிருந்தது. டி.வி.யைக் கட்டிலுக்கு எதிரே வைத்தோம். அதை எங்கள் வைஃபையில் சேர்ப்பதற்குள் ஸ்டிக்கின் ரிமோட் போர்வைக்குள் சுருண்டு, துவைக்கும் வாளிக்குள் போய், ஓர் இரவு முழுவதும் சோப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. அதன்பின் அதற்கு உயிர் வரவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நான் மூன்று வாரம் சொன்னேன். அம்முச்சி ஒன்றும் சொல்லவில்லை. அணைந்து கிடந்த டி.வி.யைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை மாலை. மறுநாள் காலை மருதமலை முருகன் கோயிலில் குடமுழுக்கு. "நாளைக்கு மருதமலையில கும்பாபிசேகமாமா கண்ணு. அந்த டிவியில வருமா?" என்று அம்முச்சி கேட்டார். கல்யாணமான புதிதில் அப்பிச்சியுடன் படியேறி அந்த மலைக்குப் போனவர் அவர். "வருமுங்க அம்முச்சி" என்று சொல்லிவிட்டேன். எப்படி வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போனில் காட்டலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். அவருக்கு ஒரு கண்ணில் புரை. உள்ளங்கையளவு திரையில் கோபுரமும் தெரியாது, கலசமும் தெரியாது. வேறு டி.வி.யும் எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே நோக்கம் இதுவே: ரிமோட் இல்லாத ஒரு ஸ்டிக்கை, அது இதுவரை கண்டறியாத ஒரு வைஃபையில் விடிவதற்குள் இணைத்தல்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

ஸ்டிக்குக்குத் தெரிந்தது தோட்டத்து வைஃபை ஒன்றுதான். எங்கள் வீட்டு வைஃபையை அதற்கு அறிமுகப்படுத்த வேண்டுமானால் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அதற்கு ரிமோட் வேண்டும். போனையே ரிமோட்டாக மாற்றும் செயலி ஒன்று உண்டு. ஆனால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதாவது, வைஃபை கிடைக்க ரிமோட் வேண்டும். ரிமோட் கிடைக்க வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

தேவையான கருவிகள்

டி.வி., ஸ்டிக், இரண்டு போன்கள், புது வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், பழைய வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும். இவற்றுள் எல்லாவற்றிலும் அருமையானது கடைசியாகச் சொன்னதே. காரணத்தைத் தத்துவத்தில் காண்போம்.

தத்துவம்

(அ) ரிமோட் எப்படிப் பேசுகிறது?

தொலைக்காட்சிக்கு முதன்முதலில் வந்த ரிமோட், 1950இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் செய்தது. அது பெட்டியோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தது. 1955இல் யூஜின் பாலி என்பவர் ஒளியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். வெயில் பட்டாலும் சில வேளை அலைவரிசை மாறிவிடும் என்பது அதன் குறை. 1956இல் ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய கருவி, காதுக்குக் கேட்காத மீயொலியைப் பயன்படுத்தியது. பிற்காலத்தில் அகச்சிவப்புக் கதிர் வந்தது. இன்று சாதாரண டி.வி. ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு, சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைத் துடிப்புகளாக அனுப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைப் பல போன்களின் முன்பக்கக் காமிரா வழியாகக் காணலாம். வேண்டுவோர் இன்றிரவே பார்க்கலாம்.

ஆனால் ஸ்டிக் டி.வி.யின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. ஒளிக்கதிர் அங்கே எட்டாது. ஆகையால் அதன் ரிமோட் புளூடூத் என்னும் வானொலி அலையால் பேசுகிறது. புளூடூத்தில் ரிமோட்டும் கருவியும் முன்னதாகவே இணைசேர்க்கப்பட வேண்டும். பக்கத்து வீட்டு ரிமோட்டை வாங்கி வந்து அழுத்திப் பார்த்தபோது ஒன்றும் நடக்காததன் காரணம் இதுதான். அதே வகைப் புது ரிமோட் வாங்கினால், ஸ்டிக்கை இயக்கிவிட்டு, ஹோம் பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து இணைசேர்க்கலாம். கையில் நேரம் இருப்பவர்களுக்கு அதுவே நேரான வழி. எனக்கு இருந்தது ஓர் இரவு மட்டுமே.

(ஆ) கருவி தன் வைஃபையை எப்படி அடையாளம் காண்கிறது?

ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரை விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டிக் அதைக் கேட்கிறது. தன் நினைவில் உள்ள பெயர்களுள் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. ஒன்றானால் இணைய முயல்கிறது.

அடுத்தது கடவுச்சொல். 2004இல் வந்து இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பாதுகாப்பு முறையில், கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. ரவுட்டரும் கருவியும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. வைஃபையின் பெயர், கடவுச்சொல் ஆகிய இரண்டையும் சேர்த்து 4,096 சுற்று பிசைந்து, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை உண்டாக்குகின்றன. அரிசியும் உளுந்தும் ஆட்டுக்கல்லில் சேர்ந்து மாவான பிறகு பிரித்தெடுக்க முடியாததுபோல, அந்தச் சாவியிலிருந்து கடவுச்சொல்லைப் பிரித்தெடுக்க முடியாது. பிறகு இரு தரப்பும் சில தற்போக்கு எண்களைப் பரிமாறிக்கொண்டு, "என்னிடமுள்ள சாவியும் உன்னிடமுள்ள சாவியும் ஒன்றே" என்று, சாவியைக் காட்டாமலே நான்கு செய்திகளில் உறுதிசெய்துகொள்கின்றன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, சாவி பெயரிலிருந்தும் கடவுச்சொல்லிலிருந்தும் பிறப்பதால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எதுவும் பிசகக் கூடாது. இரண்டாவது, நம் சிக்கலைத் தீர்ப்பது: ரவுட்டரை யார் செய்தார்கள், அது எந்த ஊரில் இருக்கிறது, எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று ஸ்டிக் பார்ப்பதில்லை. ஒரு பெயரும் ஒரு சொல்லும் ஒத்திருந்தால் போதும். அதுவே தன் வீடு என்று நம்பிவிடுகிறது.

ஆகவே ஸ்டிக்குக்குப் புது வீட்டைக் கற்பிக்க முடியாவிட்டாலும், பழைய வீட்டை அதன் எதிரில் கொண்டுவந்து வைக்க முடியும். அதற்கு ஒரு போன் போதும்.

செய்முறை

முதல் வழி, டி.வி. ரிமோட். ஸ்டிக்கை டி.வி.யோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 முனைகள் உள்ளன. அவற்றுள் 13ஆவது முனை, ஒரு கருவி மற்றொன்றுக்குக் கட்டளை அனுப்புவதற்கென்றே வைக்கப்பட்டது. இந்த வசதிக்குச் சி.இ.சி. என்று பெயர். டி.வி. அமைப்புகளில் இதை இயக்கிவிட்டால், டி.வி. ரிமோட்டின் அம்புக்குறிகளே பெரும்பாலும் ஸ்டிக்கையும் நடத்தும். நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பதால் பலருக்கு இது தம் வீட்டில் இருப்பதே தெரிவதில்லை. சாம்சங்கில் அனிநெட்+, எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை. முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அப்பிச்சியின் டி.வி.யில் இந்த வசதி இல்லை.

இரண்டாம் வழி, கம்பி. யு.எஸ்.பி. துளை உள்ள ஆண்டிராய்டு டி.வி. பெட்டிகளில் கணினியின் மவுஸைச் செருகினால் திரையில் அம்பு தோன்றிவிடும். ஸ்டிக்கில் இருப்பது மின்சாரம் வாங்கும் ஒரே துளை. மின்சாரத்தையும் கொடுத்துக்கொண்டு விசைப்பலகையையும் இணைக்கவல்ல ஓ.டி.ஜி. கம்பி பல ஸ்டிக்குகளில் வேலை செய்யும். அன்றிரவு அந்தக் கம்பியும் கையில் இல்லை.

மூன்றாம் வழி, ஹாட்ஸ்பாட். போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைக்க வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 ஆகவும், அலைவெண் 2.4 ஜிகாஹெர்ட்ஸாகவும் இருப்பது நல்லது. பழைய கருவிகளுக்கும் அது புரியும். பிறகு ஸ்டிக்கின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பிச்சி வைத்த பெயர் "தோட்டம்"; ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து. கடவுச்சொல்தான் ஒருவருக்கும் நினைவில்லை. அப்பிச்சியின் போனை அழித்துச் சுத்தம்செய்து யாருக்கோ கொடுத்தாயிற்று. அவர் போனபின் அந்த இணைப்பையும் துண்டித்து ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. திருப்பூரில் இருக்கும் மாமாவைக் கேட்டேன். "அப்பாவே போட்டுக் கொடுப்பாரு மாப்பிள்ளை, நான் கேட்டதே இல்லையே" என்றார். இரவு பத்து மணிக்கு, நாளை காலை அம்முச்சியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எதைத் தேடற சாமி?"

சொன்னேன்.

"அது நம்ம மாட்டுப் பேருதான் கண்ணு. மயிலை, காரி. பொறவு கெணறு வெட்டுன வருசம். வர்றவங்களுக்கெல்லாம் சொல்லோணுமின்னு உங்க அப்பிச்சி எனக்குச் சொல்லி வெச்சிருந்தாரு."

"கிணறு வெட்டினது எந்த வருசமுங்க அம்முச்சி?"

"உங்கம்மா பொறந்த வருசம்."

அம்மா அடுப்படியிலிருந்து "1979" என்றார். அது இன்று எங்கும் பயனில் இல்லாத கடவுச்சொல் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் அம்முச்சிக்குத் தெரிந்தது ஒலி; ஸ்டிக்குக்கு வேண்டியது எழுத்து. மயிலையின் கடைசி ஒலியை அப்பிச்சி "ஏ, ஐ" என்று எழுதினாரா, "ஈ, ஐ" என்று எழுதினாரா? காரிக்கு ஒரு "ஏ"யா, இரண்டா? இரண்டை இரண்டால் பெருக்க, நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு முறையும் ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை மாற்றி, ஸ்டிக்கை நிறுத்தி இயக்கி, போன் திரையில் இணைந்த கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். கண்ட முடிவுகள் வருமாறு:

முதல் முயற்சி: "ஏ, ஐ"யும் ஒற்றை "ஏ"யும். இணைந்த கருவிகள் 0.
இரண்டாம் முயற்சி: "ஈ, ஐ"யும் ஒற்றை "ஏ"யும். இணைந்த கருவிகள் 0.
மூன்றாம் முயற்சி: "ஏ, ஐ"யும் இரட்டை "ஏ"யும். இணைந்த கருவிகள் 1.

அந்த ஒன்றைப் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

மீதி வேலை எளிது. அம்மாவின் போனை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஃபயர் டி.வி. செயலியில் ஸ்டிக்கின் கணக்கைக் கொண்டே நுழைந்தோம். ஸ்டிக்கின் பெயர் தெரிந்தது, தொட்டதும் டி.வி. திரையில் நான்கு இலக்க எண் தோன்றியது. அதைப் போனில் தட்டியவுடன் போன் ரிமோட்டாகிவிட்டது. அமைப்புகள், நெட்வொர்க் என்று போய், எங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுத்தோம். ஸ்டிக் அங்கே தாவிய அந்தக் கணமே போன் ரிமோட் செத்துவிடும். பயப்பட வேண்டியதில்லை, ஸ்டிக் இப்போது வேறு வைஃபையில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் போனையும் வீட்டு வைஃபைக்கு மாற்றி, ஹாட்ஸ்பாட்டை நிறுத்தியதும் செயலி மீண்டும் ஸ்டிக்கைக் கண்டுகொண்டது.

இரண்டாவது போன் இல்லாதவர்கள், ஹாட்ஸ்பாட் தரும் போனிலேயே செயலியை முயன்று பார்க்கலாம். சில போன்களில் அது நடக்கும். வீடு முழுவதும் குடிபெயர்ந்து ரவுட்டர் மட்டும் புதிதானால், புது ரவுட்டருக்கே பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் வைத்துவிடுவது இன்னும் எளிது. வீட்டிலுள்ள எந்தக் கருவியையும் தொட வேண்டியதே இல்லை. 2013இல் வந்த முதல் குரோம்காஸ்ட் ரிமோட் இல்லாமலே செய்யப்பட்டது. அதைப் போனிலுள்ள கூகுள் ஹோம் செயலியால் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். கருவிகள் வேறுபட்டாலும் தத்துவம் ஒன்றே: கருவி எதை நினைவில் வைத்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

முடிவு

வெள்ளிக்கிழமை காலை மருதமலைக் குடமுழுக்கை அம்முச்சி தன் கட்டிலிலிருந்தே கண்டார். கலசத்தின்மீது நீர் விழுந்தபோது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலத்தைச் சொன்னார். 1966இல் கோவை வானொலி நிலையம் வந்தபோது ஊரே ஒரு திண்ணையில் கூடிக் கேட்டதையும் சொன்னார். மூன்று வாரமாக அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. பேச ஒன்றுமில்லாமல் இருந்தாரா, கேட்க நாங்கள் இல்லாமல் இருந்தோமா என்று எண்ணிப் பார்த்தேன். பதில் எனக்கே தெரிந்தது.

முன்னெச்சரிக்கை

1. நம்மில் பலர் ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு இத்தகைய கருவிகளை அமைத்துக் கொடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுத்துப் பிசகாமல் எழுதி, ரேஷன் அட்டையோடு வைத்து வாருங்கள். எல்லா வீட்டிலும் ஓர் அம்முச்சி நினைவில் வைத்திருக்க மாட்டார்.

2. ரிமோட் நன்றாக இருக்கும்போதே செயலியைப் போனில் நிறுவி, ஒருமுறை இணைத்து வையுங்கள். டி.வி.யில் சி.இ.சி. வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

3. எனக்கு உதவிய தத்துவமே திருடனுக்கும் உதவும். பெயரையும் சொல்லையும் மட்டுமே கருவி நம்புகிறது என்றால், அவற்றை அறிந்த எவரும் நம் வீடுபோல நடிக்க முடியும். ரயில் நிலையம், கடை போன்ற இடங்களில் கடவுச்சொல் இல்லாத வைஃபையில் ஒருமுறை இணைந்த போன், அதே பெயரோடு யார் அழைத்தாலும் தானே போய் இணையக்கூடும். அத்தகைய பெயர்களைப் போனின் நினைவிலிருந்து நீக்கிவிடுங்கள். பயனில் இல்லாத பழைய வைஃபையையும் கருவியிலிருந்து நீக்குவதே முறை.

மூன்றாவதை நான் எழுதிவிட்டேனே தவிர, ஸ்டிக்கில் "தோட்டம்" என்ற பெயரை நீக்கப் போனபோது கை தயங்கியது. மாடுகளை விற்று வெகுகாலமாகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அப்பிச்சி வைத்த பெயர் மிஞ்சியிருந்தது அந்த ஸ்டிக்கில் மட்டுமே. அம்முச்சியிடம் விஷயத்தை விளக்கி, நீக்கட்டுமா என்று கேட்டேன்.

"அழிச்சுப் போடு சாமி. எனக்குத்தான் நெனப்பிருக்குதல்ல, அதுக்கு எதுக்கு?" என்றார்.

நீக்கிவிட்டேன்.